பட்டியலில் விட்டுப்போன வரி

மார்ச் 3

சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நான் கத்துகிறேன், நான்காவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். போன தடவையும் அதுதான் நடந்தது. இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டது ஒரு குற்றமா? சரி, விடு. இப்போது காரியமாக எழுதுகிறேன்.

என் கம்ப்யூட்டர் சாகக் கிடக்கிறது. பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். எனக்குக் காற்று கிடையாது, அதற்குத்தான். ஒரு ஃபைலைத் திற என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் பாதி திறந்திருக்கும். தீசிஸ், நோட்டீஸ் என்று டைப் அடித்துக்கொண்டிருந்தவரை இதை வைத்தே ஓட்டிவிட்டேன். இப்போது ஒரு பதிப்பாளர் எலும்பு மருத்துவப் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அறுநூற்று நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். ஏப்ரல் இருபதுக்குள் எல்லாப் பக்கங்களையும் வடிவமைத்துக் கொடுத்தால் இனிமேல் அவருடைய புத்தகங்கள் எல்லாம் எனக்குத்தான். இல்லாவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறாராம். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கையில் நாற்பதாயிரம் இருக்கிறது. அதற்கு மேல் தலைகீழாக நின்றாலும் கிடையாது.

அத்தானிடம் சொன்னேன். "எதுக்கு அவனத் தொந்தரவு பண்றே? பெரிய கடையில ரெடிமேடா வெச்சிருக்காங்க, ரெண்டு வருஷம் வாரண்டியோட ஒண்ணு வாங்கிடலாம்" என்றார். உன் மேல் அவருக்கு என்ன மனத்தாங்கலோ தெரியவில்லை. உன் பேச்சை எடுத்தாலே எழுந்துபோய், ரிப்பேருக்கு வந்த தையல் மிஷின் எதற்காவது எண்ணெய் விட ஆரம்பித்துவிடுகிறார். நான் விடவில்லை. நாலு வருஷமாகப் பெரிய கம்பெனியில் சிஸ்டம் பிரிவில் இருக்கிற தம்பியை வைத்துக்கொண்டு கடைக்காரன் சொல்வதைக் கேட்க நான் என்ன ஏமாளியா?

என்னென்ன வாங்க வேண்டும் என்று லிஸ்ட் எழுதி அனுப்பு. எழுத்தில் இருந்தால் ஒரு புள்ளி பிசகாமல் வாங்குவேன். டைப் அடிக்கிறவள் புத்தி அது, உனக்குத் தெரியாததா.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வேலை நெருக்கடி. புது மெஷின்களுக்குச் சாமான் வந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் என் கண்ணில் பட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதனால்தான் தாமதம்.

ரெடிமேட் பக்கமே போகாதே. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே கண்டதையும் போட்டுத் தலையில் கட்டிவிடுவார்கள். தனித்தனியாக வாங்கினால்தான் நாற்பதாயிரத்துக்கு நல்ல மெஷின் அமையும். எங்கள் கம்பெனியிலேயே இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். அதே சாமான்களைத்தான் உனக்கும் எழுதியிருக்கிறேன்.

லிஸ்ட் தனித்தாளில் இருக்கிறது. பிராசஸர், போர்டு, எட்டு ஜிபி ரேம் இரண்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட். மொத்தம் ஆறு பொருள்தான், வேறு எதுவும் வேண்டாம். மானிட்டரும் கீபோர்டும் பழையதே போதும். பிராசஸரை மட்டும் நான் எழுதிய அதே மாடலாகப் பார்த்து வாங்கு. கடைக்காரன் அடுத்த மாடலைக் காட்டி ஆயிரம் ரெண்டாயிரம் கூடச் சொல்வான். மயங்கிவிடாதே.

பூட்டித் தருகிறோம் என்று அதற்கு வேறு காசு கேட்பார்கள். கொடுக்காதே. அத்தானுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், பெட்டிக்குள் படம் போட்ட புத்தகமும் வரும்.

வருவது பற்றிக் கேட்டிருந்தாய். லீவு கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது.

சின்னவன்


மார்ச் 16

சின்னவனே,

வாங்கியாகிவிட்டது! சும்மா சொல்லக் கூடாது, உன் லிஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் போனபோது எனக்கு ஒரு சுற்றுப் பருத்த மாதிரி இருந்தது. உன் கையெழுத்துதான் கோழி கிளறியது போல் இருக்கிறதே, அதனால் அத்தான் அதை வேறு தாளில் முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், இதை மட்டும் உட்கார்ந்து பொறுமையாகச் செய்தார்.

கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு லிஸ்ட்டை மேலும் கீழுமாகப் பார்த்தார். "டிஸ்ப்ளேவுக்கு வேற ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். லிஸ்ட்டில் இருப்பது மட்டும் போதும் என்றேன். நீ சொன்ன மாதிரியே அடுத்த மாடலை எடுத்துக் காட்டினார், ஆயிரத்து ஐந்நூறு கூட. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லிஸ்ட் எழுதினது என் தம்பி. கம்பெனியில கம்ப்யூட்டர் இன்ஜினியர். அவன் சொன்னதுல எதையும் மாத்த வேணாம்" என்றேன். கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

பழைய பெட்டியை அங்கேயே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டேன். கிடைத்தது சொற்பம்தான். ஆனால் அந்தச் சனியன் ஒழிந்தது. பிரித்த சாமான் வாபஸ் இல்லை என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நமக்கு எதற்கு வாபஸ்? நாளைக்கு அத்தான் கடைக்குப் போகாமல் வீட்டில் இருந்து பூட்டுகிறார். ஓடுகிறதைப் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

மார்ச் 18

நேற்று எழுத மனம் வரவில்லை. எல்லாம் பூட்டியாயிற்று. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை. கறுப்பு. 'சிக்னல் இல்லை' என்று ஒரு கட்டம் வந்து மறைகிறது. மானிட்டரைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தோம், அங்கே நன்றாக எரிகிறது. உனக்கு நேற்று மூன்று தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. அதனால் இதையே தபாலில் போடுகிறேன். உடனே பதில் எழுது. பழையதையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 22

அக்காவுக்கு,

மீட்டிங்கில் இருந்ததால் போனை எடுக்க முடியவில்லை.

கேபிளைக் கழற்றி மாட்டிப் பார். ரேம் இரண்டையும் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுப் பார். லிஸ்ட்டில் தவறு இருக்க வாய்ப்பில்லை, இங்கே பன்னிரண்டு மெஷின் அதே சாமானில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிராசஸர் உட்காரும் இடத்தில் முடியை விட மெல்லிய ஊசிகள் இருக்கும். தையல் மிஷினைக் கையாளுகிற மாதிரி அழுத்தியிருந்தால் அவை வளைந்திருக்கும். அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். தெரியாத வேலையில் அத்தான் கையை வைத்திருக்கக் கூடாது. ஒரு முறை என்னைக் கேட்டிருக்கலாம்.

சின்னவன்


மார்ச் 27

சின்னவனுக்கு,

உன் கடிதத்தை அத்தானே வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டார். நான் தடுப்பதற்குள் படித்துவிட்டார்.

ஊசி முனை பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றினார். நீ சொன்ன ஊசிகளை ஒவ்வொரு வரிசையாக எண்ணுகிற மாதிரி பார்த்தார். திரும்பப் பூட்டினார். திரும்பவும் கறுப்பு. மறுபடி கழற்றினார். மூன்றாவது தடவை எழுந்தபோது, "என்னாலதான் போச்சு போல, மன்னிச்சுடு" என்றார் என்னிடம். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி அவர் எதுவும் செய்ததும் இல்லை. "தையல் மிஷினைக் கையாளுகிற மாதிரி" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அந்தத் தையல் மிஷின்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறது.

இருவருமாக வாடகை வண்டி பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே கடைக்குப் போனோம். கண்ணாடிக்காரர் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். "பூட்டினதுல ஒரு தப்பும் இல்ல. ரொம்ப சுத்தமா பண்ணியிருக்காங்க. இந்த பிராசஸர்ல திரைக்குப் படம் அனுப்புற வசதியே கிடையாதும்மா. அதுக்குத் தனியா ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போடணும். அன்னிக்கே கேட்டேனே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, கடைக்கே கேட்கிற மாதிரி கேட்டார். "உங்க தம்பி இன்ஜினியர்னு சொன்னீங்களே, அவருக்குத் தெரியாதா இது?"

அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சொன்னவள், இன்றைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பில் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அத்தான்தான் பேசினார். "தம்பி சரியாத்தான் எழுதியிருந்தாரு. நான்தான் பாத்து எழுதறப்ப ஒரு வரிய விட்டுட்டேன்" என்றார். கண்ணாடிக்காரர் சிரித்தார். "ஒரு வரிதான், ஆனா உயிர் வரிய விட்டுட்டீங்களே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

நீ எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. எந்த வரியும் விட்டுப்போகவில்லை. ஆறு பொருள், ஆறு வரி.

இருப்பதிலேயே விலை குறைந்த கார்டு எட்டாயிரம் என்கிறார்கள். என்னிடம் இல்லை. இப்போது தெருமுனை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்கு உட்கார்ந்து புத்தக வேலையைப் பார்க்கிறேன். இடமும் வலமும் பிள்ளைகள் கேம் ஆடிக் கத்த, நடுவில் நான் முழங்கால் எலும்பின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு. எழுபது பக்கம் முடிந்திருக்கிறது. இந்த வேகத்தில் இருபதாம் தேதிக்குள் பாதி கூட ஆகாது.

ஒன்று மட்டும் எழுது. அவசரத்தில் விட்டுவிட்டாயா, அல்லது உனக்கே தெரியாதா? உண்மையைச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

எனக்குத் தெரியாது.

இதை எழுதிவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். கம்பெனி வாசலில் ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு டார்ச், ஒரு ரிஜிஸ்டர். உள்ளே போகிற, வெளியே வருகிற ஒவ்வொரு பையையும் திறக்கச் சொல்லி, கம்ப்யூட்டர் இருந்தால் அதன் நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும். நாலு வருஷமாக என் வேலை அதுதான். நான் சிஸ்டம் பிரிவில் இல்லை, வாட்ச்மேன்.

அன்றைக்கு இன்டர்வியூவுக்கு இதே கம்பெனிக்குத்தான் வந்தேன். உள்ளே பத்து நிமிடம் கூட வைத்திருக்கவில்லை. கேட்ட எதற்கும் பதில் தெரியவில்லை. வெளியே வந்ததும் உன் போன் வந்தது. "கிடைச்சிருச்சாடா?" என்றாய். ஆமாம் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. நீ போனிலேயே அழுதாய். தெருவுக்கே சொல்லிவிட்டாய். அதன் பிறகு நான் எப்படி இல்லை என்று சொல்வது? ஒரு வாரம் கழித்து இதே வாசலில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தது. கம்பெனி பெயராவது உண்மையாக இருக்கட்டும் என்று சேர்ந்துவிட்டேன். உனக்கு அனுப்பிய போட்டோவில் என் கழுத்தில் தொங்குகிற கார்டு திரும்பியிருக்கும், கவனித்தாயா? நானேதான் திருப்பிவிட்டேன். சட்டை கூட இன்னொருவருடையது. வீட்டுக்கு வந்தால் நீ வேலையைப் பற்றிக் கேட்பாய், நான் தடுமாறுவேன். அதனால்தான் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. குரலில் தெரிந்துவிடும் என்று பயம்.

உன் கடிதம் வந்தபோதே தெரியாது என்று எழுதியிருக்கலாம். அன்றைக்குப் பார்த்து ஒரு வண்டி வந்தது. பன்னிரண்டு புது மெஷின்களுக்கான சாமான். டெலிவரி சீட்டை என் கையில்தான் கொடுத்தார்கள். ஆறு பொருள், பன்னிரண்டு பன்னிரண்டு. இவ்வளவு பெரிய கம்பெனி வாங்குவது தப்பாகவா இருக்கும் என்று நினைத்தேன். போனில் விலை பார்த்தேன், உன் நாற்பதாயிரத்துக்குள் அடங்கியது. அப்படியே பார்த்து எழுதி உனக்கு அனுப்பினேன். பெரிய ஆள் மாதிரி அறிவுரை வேறு.

இப்போது உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரிஜிஸ்டரைப் பின்னால் புரட்டினேன். மறுநாள் காலை இன்னொரு வண்டி வந்திருக்கிறது. 'கிராஃபிக்ஸ் கார்டு, பன்னிரண்டு' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. நானே எழுதி, நானே வண்டியை உள்ளே விட்டிருக்கிறேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

ஆக, விட்டுப்போன வரி உண்மையிலேயே இருந்தது. விட்டது நான். பழியை அத்தான் மேல் போட்டதும் நான். அவர் கை எதையும் முறிக்காது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றிக்கொள்ள யாராவது ஒருவர் வேண்டியிருந்தது, அவர் எதிரில் இருந்தார். அவர் கடையில் சொன்னதைப் படித்ததிலிருந்து இங்கே யார் முகத்தையும் பார்த்துப் பையைத் திற என்று சொல்ல முடியவில்லை.

சின்னவன்


ஏப்ரல் 7

சின்னவனே,

உன் கடிதத்தை மூன்று நாளாக மெத்தைக்கு அடியில் வைத்திருந்தேன்.

உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டுதான் வைத்திருந்தேன். அது கோபம் இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வாட்ச்மேன் என்று படித்ததும் உன்னைப் பற்றி முதலில் நினைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி நினைவுக்கு வந்தாள், கண்ணாடிக்காரர் நினைவுக்கு வந்தார். யாருக்கெல்லாம் சொல்லித் தொலைத்தேன் என்று கணக்குப் போட்டேன். என் தம்பி நாலு வருஷம் பயந்து பயந்து ஒளிந்துகொண்டிருந்திருக்கிறான், எனக்கு ஊர் வாய்தான் பெரிதாக இருந்தது. அக்காவுக்கு வெட்கமாகிவிடும் என்று நீ நினைத்தாய் பார், நினைத்தது சரிதான். வெட்கமாகத்தான் இருந்தது. அதை இப்போது நினைத்தால் எனக்கே என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்கவில்லை.

உன் பயோடேட்டாவை டைப் அடித்தது யார்? கம்ப்யூட்டர் அறிவு என்ற இடத்தில் நீ 'சுமார்' என்று எழுதியிருந்தாய். நான் அதை அடித்துவிட்டு 'மிகச் சிறப்பு' என்று போட்டேன். நீ வேண்டாம் என்றாய். போடா, இப்படிப் போட்டால்தான் கூப்பிடுவார்கள் என்றேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் உன்னைத் தள்ளிவிட்டவள் நான்தான்.

நேற்று அத்தானிடம் கடிதத்தைக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டு மடித்து என்னிடமே நீட்டினார். "தெரியும்" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மிஷின் மோட்டார் வாங்க உன் ஊருக்கு வந்திருக்கிறார். உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் கம்பெனிக்கு வந்திருக்கிறார். தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தாராம். நீ வாட்ச்மேன் நீலச் சட்டையில் ஒரு காருக்கு வாசல் கதவைத் திறந்துகொண்டிருந்தாயாம். அப்படியே திரும்பிவிட்டார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனேன். "அவனா சொல்றதுதானே சரி" என்றார். அவ்வளவுதான்.

ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று அவர் ஏன் சொன்னார் என்று இப்போது புரிகிறதா? நான் உன்னைக் கேட்டால் நீ இக்கட்டில் மாட்டிக்கொள்வாய் என்று தெரிந்துதான். நானோ அவருக்கு உன் மேல் மனத்தாங்கல் என்று உனக்கே எழுதினேன். நீ அவர் கையைக் குறை சொன்னாய். ஆளுக்கு ஒரு பங்கு போட்டுவிட்டோம்.

பதிப்பாளரிடம் கூடுதலாக ஒரு வாரம் கேட்டேன், நான்கு நாள் கொடுத்தார். இருபத்து நான்கு கடைசி. இன்று வரை நூற்று எண்பது பக்கம். நடக்கிறபடி நடக்கட்டும்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

இதனுடன் வரும் பெட்டியை அத்தானிடம் கொடு. அவர் கையாலேயே மாட்டட்டும். போர்டில் நீளமான பள்ளம் ஒன்று இருக்கும், அதில் அழுத்தினால் 'க்ளிக்' என்று உட்காரும். இதை நான் எங்கும் பார்த்து எழுதவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

சிஸ்டம் பிரிவில் ஒரு மேடம் இருக்கிறார். தினமும் காலையில் அவர் பையைத் திறந்து பார்க்கிறவன் நான். ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கழித்துக் கட்டிய பழைய கார்டுகள் அவர் அறை அலமாரியில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன், அதில் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். பையைச் சோதிக்கிறவன் நானேதானே, யார் கேட்பது? பிறகு அந்தக் கார்டை அத்தான் கையில் எப்படிக் கொடுப்பது என்று யோசித்தேன். நேராக மேடத்திடம் போய் நின்றேன்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டெலிவரி சீட்டைப் பார்த்து எழுதியதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா லிஸ்ட்ட நானே போட்டுக் குடுத்திருப்பேனே. தினம் பாக்கறோம்ல" என்றார். அவ்வளவு எளிதாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் அக்கா இது. அவரே ஒரு கார்டைத் தேடி எடுத்து, வேறு மெஷினில் போட்டுப் பார்த்து, உன் பழைய மானிட்டருக்கு இதுதான் பொருந்தும் என்று கொடுத்தார். எலும்புப் படத்துக்கெல்லாம் இது தாராளமாம்.

வெளியே கொண்டுபோக கேட் பாஸ் எழுதினார். என் வேலை நேரத்தில் என் பையை நானே சோதிக்க முடியாது. அடுத்த ஆள் வரும்வரை காத்திருந்து, வாசலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, பையைத் திறந்து காட்டினேன். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

அந்த கேட் பாஸையும் உள்ளே வைத்திருக்கிறேன். கம்பெனி முத்திரையோடு என் பெயரும் என் வேலையும் சேர்ந்து இருக்கிற முதல் காகிதம், உனக்கு நான் அனுப்புவது.

அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல் என்று எழுத வந்தேன். அதை உன் தலையில் கட்டக் கூடாது. நேரில் நானே கேட்கிறேன், அன்றைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே திரும்பிப் போனவர் இந்தத் தடவை பார்க்கச் சம்மதித்தால்.

சின்னவன்


ஏப்ரல் 17

சின்னவனே,

இது புது மெஷினில் அடித்த கடிதம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். கீபோர்டு பழசு, கை இன்னும் பழசு.

பெட்டி வந்த அன்றே அத்தான் மாட்டிவிட்டார். 'க்ளிக்' சத்தம் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். "திறந்து பாரு" என்றார். திரை நீலமாக இருந்தது. பாத்திரம் கழுவ இனி எனக்கு நேரமே இருக்காது, சொல்லி முடிப்பதற்குள் ஃபைல் திறந்துவிடுகிறது. நேற்று வரை நானூற்றுப் பத்துப் பக்கம். இருபத்து நான்குக்குள் முடித்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

உன் கேட் பாஸைப் படித்தேன். பதவி: வாசல் காவலர். பொருள்: பழைய கிராஃபிக்ஸ் கார்டு, ஒன்று. காரணம் என்ற இடத்தில் அந்த மேடம் 'அக்காவுக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கண்ணாடிக்காரர் கடைக்குப் போனேன். அத்தான் வேண்டாம் என்றார், அவரையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். கடையில் அன்றும் நாலு பேர் இருந்தார்கள். "மெஷின் ஓடுதாம்மா?" என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். பிறகு, அன்றைக்கு இவர் ஒரு வரியும் விடவில்லை, லிஸ்ட்டே அப்படித்தான் இருந்தது, இவர் எழுதியதும் பூட்டியதும் எல்லாமே சரி என்றேன். அது சுலபமாக வந்துவிட்டது. அடுத்ததுதான் வரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனதுதான். ஆனாலும், "என் தம்பி இன்ஜினியர் இல்ல, வாட்ச்மேன்" என்பது எனக்கே கேட்காத குரலில்தான் வெளியே வந்தது. அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டேன். அதே சத்தத்தில் இன்னொரு தடவை சொன்னேன்.

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அத்தானைப் பார்த்து, "அப்ப நீங்க எதுக்கு சார் அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க?" என்றார். அத்தான் என்ன சொல்வார் என்று நானும்தான் பார்த்தேன். "மச்சினன்தானே" என்றார்.

இருபத்தைந்தாம் தேதி எனக்கு வேலை இருக்காது. அன்றைக்கு வா. வேலை முடிந்ததும் வாசலிலிருந்தே நேராகப் பஸ் ஏறு. அறைக்குப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நேரத்தை வீணாக்காதே. பஸ் நிலையத்துக்கு அத்தான் வந்து நிற்பார். நீலச் சட்டையைத்தான் தேடுவாராம்.

அக்கா